வாயிலும் பங்கும்: இணைய உலாவிகளின் சந்தைப் போட்டி வரலாறு (1993–2025)

ஆய்வுச் சுருக்கம்

இணைய உலாவிச் சந்தையில் முதலிடம் கடந்த முப்பது ஆண்டுகளில் இருமுறை முழுமையாகக் கைமாறியுள்ளது. நெட்ஸ்கேப் நேவிகேட்டரிடமிருந்து அது இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குச் சென்றது. பின்னர் அதனிடமிருந்து குரோமுக்குச் சென்றது. இம்மாற்றங்களை உலாவிகளின் தரவேறுபாட்டின் விளைவாக மட்டும் காண்பது போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பயனர் இணையத்திற்குள் நுழையும் முதல் வாயிலைக் கட்டுப்படுத்திய நிறுவனமே ஒவ்வொரு காலத்திலும் பெரும்பங்கைப் பெற்றது. வாயில் இடம்பெயர்ந்தபோது பங்கும் இடம்பெயர்ந்தது. பெரும்பங்கு பெற்ற உலாவியின் தனிவழக்குகள் பொதுத் தரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டமையும், அதனால் தமிழ்போன்ற மொழிகளின் இணையப் பக்கங்கள் அடைந்த இழப்பும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இணைய உலாவி, சந்தைப் பங்கு, ஏகபோகம், இயல்பிருப்பு, திறந்த தரம், எழுத்துருக் குறியேற்றம்.

முன்னுரை

உலகளாவிய வலையின் முதல் உலாவியை டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1993 ஏப்ரல் 30 அன்று வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அவ்வாய்வகம் அறிவித்தது. இவ்வறிவிப்பால் வலை எந்த நிறுவனத்தின் உடைமையாகவும் ஆகவில்லை. ஆனால் வலையைக் காணும் கருவியாகிய உலாவிக்கு இத்தகைய காப்பு ஏதும் இல்லை. பொதுவுடைமையான வலைக்கும் தனியுடைமையான உலாவிக்கும் இடையிலான இம்முரணிலிருந்தே உலாவிப் போட்டியின் வரலாறு தொடங்குகிறது.

இவ்வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்ப வளர்ச்சிக் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மெதுவான உலாவி வீழ்ந்தது, விரைவான உலாவி வென்றது என்பது அக்கதையின் சாரம். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. சிறந்த உலாவி இருந்தும் பங்கு பெறாத காலங்களும், வளர்ச்சியின்றித் தேங்கிய உலாவி பெரும்பங்கைத் தக்கவைத்த காலங்களும் இவ்வரலாற்றில் உள்ளன. அவற்றையும் விளக்கக்கூடிய காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்தைப் பங்கு என்னும் சான்றின் தன்மை

உலாவிகளின் பங்கைக் கூறும் புள்ளிவிவரங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு முன் அவை எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதை அறிதல் இன்றியமையாதது. 2012 மே மாதத்தில் குரோம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முந்தியதாக ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் தரவுகள் காட்டின. இரண்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பெற்றிருந்தன. அதே மாதத்தில் நெட் அப்ளிகேஷன்ஸ் நிறுவனத்தின் தரவுகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அளித்தன. முன்னது பார்க்கப்பட்ட பக்கங்களை எண்ணியது. பின்னது வருகை தந்த பயனர்களை எண்ணி, நாடுகளின் இணையப் பயனர் தொகைக்கேற்ப அதனைச் சரிசெய்தது. எனவே எந்த உலாவி முதலிடத்தில் இருந்தது என்னும் எளிய வினாவிற்கே இருவேறு விடைகள் கிடைத்தன.

இரண்டாவது சிக்கல் உலாவி தன்னை அறிவிக்கும் முறையில் உள்ளது. ஒவ்வோர் உலாவியும் ஒரு பக்கத்தைக் கோரும்போது வழங்கிக்குத் தன் அடையாளத் தொடரை அனுப்புகிறது. நெட்ஸ்கேப் ‘மொசில்லா’ என்னும் பெயரால் தன்னை அறிவித்தது. அப்பெயரைக் கண்ட வழங்கிகளே மேம்பட்ட பக்கங்களை அனுப்பியதால், இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை ‘மொசில்லா’ என்றே அறிவிக்கத் தொடங்கியது. பின்னர் ஓபரா நெடுங்காலம் இயல்பிருப்பாகவே தன்னை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எனக் காட்டிக்கொண்டது. இன்றைய குரோமின் அடையாளத் தொடரிலும் மொசில்லா, சஃபாரி ஆகிய பெயர்கள் இடம்பெறுகின்றன. சிறிய உலாவிகள் பெரிய உலாவியின் பெயரை மேற்கொண்டால்தான் பக்கங்களைப் பெற முடிந்தது என்பதற்கு இத்தொடரே நேரடிச் சான்று. ஆகவே இக்கட்டுரை நுண்ணிய விழுக்காடுகளைச் சாராது, பல அளவீடுகளும் ஒத்துக்கூறும் பெரும்போக்குகளையே அடிப்படையாகக் கொள்கிறது.

நெட்ஸ்கேப்பின் எழுச்சி

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் 1993இல் உருவாக்கிய மொசைக், படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி உலாவியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1994இல் ஆண்ட்ரீசனும் ஜிம் கிளார்க்கும் இணைந்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அந்நிறுவனமே பின்னர் நெட்ஸ்கேப் எனப் பெயர் மாறியது. அதன் நேவிகேட்டர் உலாவி 1994 டிசம்பரில் வெளிவந்தது. கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகவும் வணிக நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணத்துடனும் அது வழங்கப்பட்டது. 1995 ஆகஸ்ட் 9 அன்று 28 டாலர் விலையில் வெளியிடப்பட்ட அந்நிறுவனத்தின் பங்கு, அன்றைய வணிக முடிவில் 58.25 டாலராக உயர்ந்தது.

இக்காலத்தில் உலாவியை மக்கள் தாமே தேடிப் பெற்றனர். கணினியோடு உலாவி வருவதில்லை. பயனர் அதனைத் தரவிறக்கவோ வாங்கவோ வேண்டும். வாயில் எவர் கையிலும் இல்லாத இக்குறுகிய இடைவெளியில் தரமே பங்கைத் தீர்மானித்தது. நேவிகேட்டர் பத்தில் ஏழு பங்கிற்கும் மேல் பெற்றதை இவ்வகையில் விளக்கலாம்.

இயங்குதளம் வாயிலாதல்

1995 மே 26 அன்று பில் கேட்ஸ் தம் நிறுவன அலுவலர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இணையத்தை ஒரு பேரலையாகக் கண்டு, அதற்கு முதன்மை அளித்தார். மைக்ரோசாஃப்டின் அச்சம் உலாவி விற்பனையைப் பற்றியதன்று. செயலிகள் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கினால் அதன் அடியில் எந்த இயங்குதளம் உள்ளது என்பது பொருளற்றதாகிவிடும். விண்டோஸின் ஆதிக்கம் தளரும். இவ்வச்சமே மைக்ரோசாஃப்டின் செயல்களுக்கு உந்துதலாக இருந்தது எனப் பின்னர் அமெரிக்க நீதிமன்றம் கண்டறிந்தது.

ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடமிருந்து மொசைக்கின் உரிமத்தைப் பெற்று உருவாக்கப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் முதற்பதிப்பு 1995 ஆகஸ்டில் வெளிவந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் மைக்ரோசாஃப்ட் மூன்று வழிகளில் செயற்பட்டது. முதலாவதாக, உலாவியை இலவசமாக்கி நெட்ஸ்கேப்பின் வருவாய்க்கு அடிப்படையாக இருந்த உரிமக் கட்டணத்தைப் பொருளற்றதாக்கியது. இரண்டாவதாக, கணினி உற்பத்தியாளர்கள் தன் உலாவியின் குறும்படத்தை நீக்கக்கூடாது என நிபந்தனை விதித்தது. காம்பேக் நிறுவனம் 1996இல் அதனை நீக்கியபோது, விண்டோஸ் உரிமமே நிறுத்தப்படும் என எச்சரிக்கப்பட்டுப் பின்வாங்கியது. மூன்றாவதாக, இணைய இணைப்பு வழங்குநர்களைத் தன்பக்கம் ஈர்த்தது. 1996 மார்ச்சில் ஏ.ஓ.எல். நிறுவனம் நெட்ஸ்கேப்போடு உடன்படிக்கை செய்த மறுநாளே மைக்ரோசாஃப்டோடும் உடன்பட்டு, இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே தன் இயல்பிருப்பு உலாவியாக்கியது. அதற்கு ஈடாக விண்டோஸ் முகப்பில் ஏ.ஓ.எல்லுக்கு இடம் கிடைத்தது. 1997 ஆகஸ்டில் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்த மைக்ரோசாஃப்ட், மேக்கின்டாஷ் கணினிகளிலும் அந்த இடத்தைப் பெற்றது.

தரமும் இதில் பங்காற்றியது என்பதை மறுக்க இயலாது. 1997இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நேவிகேட்டருக்கு நிகராகவும், சிலவற்றில் மேலாகவும் மதிக்கப்பட்டது. ஆனால் தாழ்ந்த தரத்தில் தொடங்கிய உலாவி, நிகரான தரத்தை அடையும்வரை பங்கை இழக்காமல் காத்திருக்க இயன்றதற்கு வாயில் அதன் கையில் இருந்ததே காரணம். நெட்ஸ்கேப்பிற்கு அத்தகைய கால அவகாசம் இல்லை. 1998 ஜனவரியில் அது தன் உலாவியை இலவசமாக்கியது. மார்ச் 31 அன்று மூலநிரலையும் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஏ.ஓ.எல். அந்நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது.

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் மாநிலங்களும் மைக்ரோசாஃப்டின் மீது வழக்குத் தொடுத்தன. 2000 ஜூனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கினாலும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்த குற்றத்தை உறுதிசெய்தது. ஆயினும் தீர்ப்பு வந்தபோது போட்டி முடிந்திருந்தது, நெட்ஸ்கேப் மீளவில்லை.

ஏகபோகமும் தேக்கமும்

2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலான இவ்விடைவெளியின் தொடக்கத்தில் அதன் பங்கு பத்தில் ஒன்பதைக் கடந்திருந்தது. தரமே பங்கைத் தீர்மானிக்கிறது எனக் கொண்டால் இத்தேக்கத்தை விளக்க இயலாது. போட்டியாளர் இல்லாத நிலையில் மேம்பாட்டிற்கான தூண்டுதலும் மறைந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இக்காலத்தில் நேர்ந்த ஆழமான மாற்றம், உலாவியின் நடத்தையே தரமாகக் கொள்ளப்பட்டதாகும். 1994இல் நிறுவப்பட்ட உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பக்க வடிவமைப்பிற்கான பொதுத் தரங்களை வகுத்திருந்தது. ஆனால் வலைப்பக்கங்களை உருவாக்கியோர் அத்தரங்களைப் பாராது, ஓர் உலாவியில் சரியாகத் தெரிகிறதா என்பதை மட்டுமே பார்த்தனர். தென்கொரியா இதற்குத் தெளிவான சான்று. 1990களின் இறுதியில் அந்நாடு தன் இணைய வங்கிச் சேவைக்கென உருவாக்கிய மறையாக்க முறை, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே உரிய ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல் வழியாக இயங்கியது. விளைவாக, வேறு உலாவியைப் பயன்படுத்த விரும்பிய கொரியரும் வங்கிப் பணிக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே நாட வேண்டியிருந்தது.

தமிழ்ப் பக்கங்கள் அடைந்த இழப்பு

தமிழ் இணையமும் இத்தகைய சார்புநிலைக்கு உட்பட்டிருந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றிருந்தபோதும், 1990களின் வழக்கமான கணினிகளில் அதனைப் பயன்படுத்தும் வசதி இல்லை. எனவே இதழ்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய தத்தம் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. இணைய ஆர்வலர்கள் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தாம், தாப் ஆகிய குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது.

உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இப்பக்கங்கள் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. இதற்குத் தீர்வாகப் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் இயங்கு எழுத்துரு முறை 1997இல் வந்தது. ஆனால் உலாவிப் போட்டி அத்தீர்வையும் இரண்டாகப் பிளந்தது. நெட்ஸ்கேப் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வடிவத்தை ஏற்றது. மைக்ரோசாஃப்ட் தனக்கெனத் தனிவடிவம் கண்டது. ஒன்றின் எழுத்துருக் கோப்பு மற்றொன்றில் இயல்பாக இயங்கவில்லை. 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் ஆறாம் பதிப்பு இவ்வசதியைக் கைவிட்டதும், மைக்ரோசாஃப்டின் வடிவமே எஞ்சியது. அவ்வடிவத்தை மட்டும் நம்பிய தமிழ்த் தளங்கள், அறிந்தோ அறியாமலோ, தம் வாசகரை ஓர் உலாவிக்கும் ஓர் இயங்குதளத்திற்கும் உரியவராக்கின.

ஒருங்குறி பரவிய பின்னரும் சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. தமிழில் எகர, ஒகர உயிர்க்குறிகள் மெய்யெழுத்தை ஒட்டி இடம்மாறி அமைவதால் உலாவி அவற்றை ஒருங்கிணைத்துக் காட்ட வேண்டும். ஃபயர்பாக்ஸின் இரண்டாம் பதிப்பு, இருபுறமும் சீராக்கப்பட்ட பத்திகளில் இவ்வொருங்கிணைப்பைச் சிதைத்தது. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் இக்குறை களையப்பட்டது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்புவதற்கான பொது வடிவம் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக 2012 டிசம்பரில்தான் நிறைவுற்றது; 1997இல் கிடைத்த வசதி பொதுத் தரமாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் கடந்தன.

இவ்விழப்பு கடந்தகாலத்தோடு முடிந்துவிடவில்லை. இணையக் காப்பகங்களில் உள்ள அக்காலத் தமிழ்ப் பக்கங்களை இன்றைய உலாவியில் திறக்கும் ஆய்வாளர் இலத்தீன் குறிகளின் குவியலையே காண்கிறார். எந்த இதழ் எந்தக் குறியேற்றத்தைப் பயன்படுத்தியது என்பதை அறிந்து மாற்றியாலன்றி அப்பனுவல்களைப் படிக்கவோ தேடவோ இயலாது. ஓலைச்சுவடியை வாசிக்கப் பழைய எழுத்துமுறை குறித்த அறிவு தேவைப்படுவதுபோல், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இணையப் பனுவலை வாசிக்கவும் தனியறிவு தேவைப்படுகிறது.

ஃபயர்பாக்ஸ்: ஒரு மாற்றுச் சான்று

வாயிலே பங்கைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்திற்கு ஃபயர்பாக்ஸ் வலுவான மறுப்பாக அமையக்கூடும். நெட்ஸ்கேப் வெளியிட்ட மூலநிரலிலிருந்து கிளைத்த மொசில்லா திட்டம், 2003 ஜூலையில் தனி அறக்கட்டளையாயிற்று. 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதமே, ஏறத்தாழ பத்தாயிரம் நன்கொடையாளர்களின் பொருளுதவியால் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அதன் விளம்பரம் இரு பக்க அளவில் வெளியாயிற்று. எந்த இயங்குதளத்தோடும் பிணைக்கப்படாத இவ்வுலாவி 2009–2010 காலப்பகுதியில் உலக அளவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது.

எனினும் இச்சான்றை இருவகையில் நுணுகிக் காணவேண்டும். போட்டியாளர் ஐந்தாண்டுகள் தேங்கிநின்ற அசாதாரணச் சூழலில்தான் இவ்வளர்ச்சி நிகழ்ந்தது. அப்போதும் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மேலும், மொசில்லாவின் வருவாயில் மிகப்பெரும்பகுதி தன் உலாவியின் தேடல் பெட்டியில் கூகிளை இயல்பிருப்பாக வைத்ததற்கான கட்டணமாகவே வந்தது. வாயிலின்றி எழுந்த உலாவி, புதிய வாயிலின் உடைமையாளரைச் சார்ந்தே வாழ நேர்ந்தது.

தேடுபொறியும் கைப்பேசியும்

2008 செப்டம்பரில் கூகிள் குரோமை வெளியிட்டது. ஒவ்வொரு தாவலையும் தனிச் செயலாக இயக்கும் அமைப்பும், லார்ஸ் பாக் தலைமையில் உருவான வி8 ஜாவாஸ்கிரிப்ட் பொறியின் வேகமும் அதன் உண்மையான சிறப்புகள். அவற்றோடு, உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் பக்கமாகிய கூகிளின் முகப்பே அதன் விளம்பரப் பலகையாயிற்று. விண்டோஸ் கணினியை இயக்கிய பயனர் முதலில் கண்டது மைக்ரோசாஃப்டின் உலாவியை. ஆனால் அவ்வுலாவியில் அவர் முதலில் திறந்தது கூகிளை. வாயில் இயங்குதளத்திலிருந்து தேடுபொறிக்கு இவ்வாறு நகர்ந்தது.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் முன்னரே நிறுவப்பட்டு வந்ததும் இவ்விரு வாயில்களும் ஒரே நிறுவனத்தின் கையில் சேர்ந்தன. ஆப்பிளின் கைப்பேசிகளில் எந்த உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் பொறியையே பயன்படுத்த வேண்டும் என்னும் விதி நிலவியது. 2016 அக்டோபரில் கைப்பேசி, பலகைக் கணினி ஆகியவற்றின் இணையப் பயன்பாடு மேசைக் கணினியை முந்தியதாக ஸ்டாட்கவுன்டர் பதிவுசெய்தது. இந்தியாவில் இடைக்காலத்தில் வேறொரு நிலை காணப்பட்டது. பக்கங்களைத் தம் வழங்கிகளில் சுருக்கி அனுப்பித் தரவுச் செலவைக் குறைத்த ஓபரா மினி, யூசி பிரவுசர் ஆகியவை இங்கு ஓங்கியிருந்தன. 2016க்குப் பின் தரவுக் கட்டணம் வீழ்ந்ததால் அவற்றின் தேவை குறைந்தது; 2020 ஜூனில் இந்திய அரசு யூசி பிரவுசரைத் தடைசெய்தது.

2013இல் ஓபராவும் 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் எட்ஜும் தம் சொந்தப் பொறிகளைக் கைவிட்டுக் கூகிளின் குரோமியத்தை ஏற்றன. பெயரளவில் பல உலாவிகள் இருப்பினும், பொறிகளை எண்ணினால் பிளிங்க், வெப்கிட், கெக்கோ ஆகிய மூன்றே குறிப்பிடத்தக்கவையாக எஞ்சுகின்றன. அண்மை ஆண்டுகளில் குரோம் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கொண்டிருக்க, ஃபயர்பாக்ஸின் பங்கு மிகச் சிறிதாகச் சுருங்கியுள்ளது.

சட்டத்தின் தலையீடும் அதன் காலமும்

ஓபராவின் முறையீட்டைத் தொடர்ந்து, 2010 மார்ச் முதல் விண்டோஸ் பயனருக்கு உலாவித் தேர்வுத் திரை காட்டப்பட வேண்டும் என்னும் உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டிடமிருந்து பெற்றது. அதனை ஓராண்டிற்கும் மேலாக நிறைவேற்றத் தவறியதற்காக 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதற்குள் குரோம் முன்னேறியிருந்தது. ஆண்ட்ராய்டில் தேடலையும் குரோமையும் பிணைத்தமைக்காக 2018இல் ஐரோப்பிய ஆணையம் கூகிளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதனைச் சற்றுக் குறைத்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு தொடர்பாக ரூ.1,337.76 கோடி தண்டம் விதித்தது.

அமெரிக்காவில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு வாயிலின் மதிப்பை எண்ணால் உணர்த்துகிறது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் இயல்பிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகிள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் செலவிட்டது. பயனர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பிற்கு இத்துணைப் பொருள் செலவிடப்பட்டது. பெரும்பாலோர் மாற்றிக்கொள்வதில்லை என்பதை அச்செலவே மெய்ப்பிக்கிறது. குரோமை விற்க வேண்டும் என்னும் அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் நீதிபதி ஏற்கவில்லை. தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடைசெய்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உலாவிக்குத் தரம் இன்றியமையாத நிபந்தனையாயினும் போதுமான நிபந்தனையன்று. இயங்குதளம், தேடுபொறி, கைப்பேசி என வாயில் இடம்பெயர்ந்த வரிசையிலேயே பெரும்பங்கும் இடம்பெயர்ந்தது. இரண்டாவது, சட்டத்தின் தலையீடு பெரும்பாலும் வாயில் இடம்பெயர்ந்த பின்னரே நிறைவுற்றமையால், வீழ்ந்த போட்டியாளரை அது மீட்கவில்லை. மூன்றாவது, பெரும்பங்கு பெற்ற உலாவியின் தனிவழக்கைத் தரமாகக் கொண்டவர்கள், அதன் ஆதிக்கம் நீங்கியபோது இழப்பிற்கு உள்ளாயினர்.

இம்மூன்றாம் கருத்தே தமிழாய்வுலகம் கருத்தில் கொள்ளத்தக்கது. 1990களில் ஓர் உலாவியை நம்பி வெளியிடப்பட்ட தமிழ்ப் பனுவல்கள் இன்று இயல்பாக வாசிக்க இயலாதவையாக உள்ளன. ஒருங்குறி என்னும் பொதுத் தரத்தில் அமைந்தவை எல்லா உலாவிகளிலும் வாசிக்கப்படுகின்றன. மின்னூலகங்களும் சுவடித் தொகுப்புகளும் ஆய்விதழ்களும் இணையத்தில் பெருகிவரும் இக்காலத்தில், இன்று பெரும்பங்கு பெற்றுள்ள உலாவியில் தெரிகிறது என்பது ஒரு பனுவல் நிலைத்து வாழும் என்பதற்கு உறுதியாகாது. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தத்தம் காலத்தில் அசைக்க இயலாதவையாகவே தோன்றின.